பெயர் போட்ட பை

செருப்பை அங்கேயே விடுங்கள். மாடிப் போர்ஷனைப் பார்த்தாயிற்றா? குழாயைத் திறந்து பார்த்தீர்களா? நல்லது. குழாயைத் திறந்து பார்க்காமல் வாடகை பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது.

மழைக்குத் தண்ணீர் வருமா என்றுதானே கேட்டீர்கள்? தரகர் என்ன சொன்னார்? வராது என்றாரா? அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். வரும். வந்து போய்விடும். முன்னே வராமல் இருந்தது. அப்புறம் வந்து நின்றது. இப்போது வந்து போகிறது. மூன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஊறிப்போனது. இதில் உட்காருங்கள்.

நான் துணி ஆலையில் பாய்லர் போர்மேன். ஓய்வு பெற்று நாளாயிற்று. தண்ணீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே அடைத்தால் எங்கே முட்டும், எல்லாம் எனக்குத் தெரியும். ஏரி விஷயத்தில் எந்த என்ஜினீயரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெருக்கோடியில் கரை தெரிகிறதே, அதுதான் நாவல்தாங்கல் ஏரி. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தது. வயல் எங்கே என்று கேட்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் வயல். ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிய ஒரு தாழ்ந்த கல்சுவர் உண்டு. கலங்கல் என்போம். அது நம் பக்கம், அன்னை நகர்ப் பக்கம் இருக்கிறது. வழிகிற தண்ணீர் ஒரு கால்வாயில் விழுந்து, இந்தத் தெரு ஓரமாகவே போய், அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்.

ஏரிக்கு எதிர்ப்பக்கம் குபேரன் நகர். பெயர்தான் குபேரன். தண்ணீர் பரவி நிற்க வேண்டிய இடத்தில் மனை போட்டு விற்றார்கள், இவர்களும் வாங்கினார்கள். ஏரிக்குள் வீட்டைக் கட்டிக்கொண்டு, ஏரி வீட்டுக்குள் வருகிறது என்று மனு கொடுப்பார்கள். இந்த மாதிரி ஆட்களை என்ன சொல்வது?

நம் பக்கம் அப்படி இல்லை. நம் பக்கம் ஒழுங்கு. கால்வாய் மட்டும் கொஞ்சம் குறுகல். முன்னே ஒரு லாரி போகிற அகலம் இருந்ததாம். இப்போது சைக்கிள் போகும். யாரும் கவனிப்பதில்லை. வாசலில் உடைந்த சிமென்ட் விளிம்பு பார்த்தீர்களே, அங்கே நான் கார் நிறுத்துகிற மேடை இருந்தது. தெருவில் எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். ஆக்கிரமிப்பு என்று பெற்ற பெண்ணே சொன்னாள். அது கால்வாய் மேல் இல்லை. கால்வாய்தான் அதன் கீழே போனது.

சரி. சண்டை என்னவென்றால், கலங்கலில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. ஆள் நுழைகிற அளவு. அந்த உடைப்பு அப்படியே இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வழிந்துவிடும். குபேரன் நகருக்குக் கொண்டாட்டம். அடைத்தால் ஏரி ஏறும். நமக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு மழைக்கும் அவர்கள் சங்கம் திற என்னும். எங்கள் சங்கம் அடை என்னும். எங்கள் சங்கத்துக்கு நான் தலைவர். அவர்கள் சங்கத்துக்குத் தலைவர் தெய்வசிகாமணி. பெயின்ட் கடை வைத்திருக்கிறார். மெதுவாகப் பேசுவார். அதுதான் எனக்கு ஆகாது. கத்துகிற ஆளோடு சண்டை போடலாம். மெதுவாகப் பேசுகிற ஆளோடு எப்படிப் போடுவது? அவர் கடையில் பிரஷ் கழுவுகிற தண்ணீர் நேரே ஏரியில்தான் போகும். ஒரு வாரம் ஓரமெல்லாம் பச்சை. ஒரு வாரம் நீலம். கேட்டால், "அது பாசிங்க" என்பார். நீலத்தில் பாசி.

எனக்கு ஒரே பெண். இந்துமதி. தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. வாரமெல்லாம் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் பார்க்கப் போவாள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டு ஏரியைச் சுற்றி அங்கங்கே பாட்டிலில் மொண்டு பார்ப்பார்கள்.

"ஏரியில ஆக்ஸிஜன் குறைஞ்சுக்கிட்டே போகுதுப்பா" என்பாள்.

"எனக்கும்தான் குறையுது. வயசானா குறையும்."

"விளையாடாதீங்க. சாக்கடை கலக்குது. ரெண்டு பக்கமும்."

"அந்தப் பக்கம்னு சொல்லு."

"ரெண்டு பக்கமும்னுதான் சொன்னேன்."

அந்தப் பாட்டில் கோஷ்டியில் பிரசன்னகுமார் என்று ஒரு பையன். மூன்று மழைக்காலம் இருவரும் சேர்ந்து தண்ணீர் மொண்டார்கள். கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது. பையன் யார் என்று விசாரித்தால், தெய்வசிகாமணி மகன்.

நான் சாப்பிடவில்லை. காலை இல்லை, மதியம் இல்லை, ராத்திரி இல்லை. மறுநாள் கோமளா, என் மனைவி, வத்தக்குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். கல்யாணம் முடிவாயிற்று.

நிச்சயதார்த்தத்தில் தெய்வசிகாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே சண்டையே இல்ல சம்பந்தி. தண்ணி உங்க பக்கம் வந்தா என்ன, எங்க பக்கம் வந்தா என்ன. ரெண்டும் நம்ம வீடுதானே?"

"அப்ப உங்க பக்கமே வரட்டும் சம்பந்தி" என்றேன்.

சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம். நன்றாகச் செய்தேன். கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் புதிது. தாம்பூலப் பை மட்டும் கணக்கு தப்பிவிட்டது. மஞ்சள் துணிப் பை. ஒரு பக்கம் பிள்ளையார். மறு பக்கம் இந்துமதி, பிரசன்னகுமார் என்று பெண் பிள்ளை பெயர், சிவப்பு எழுத்தில், கொட்டையாக. கீழே நல்வரவை நாடும் தணிகாசலம், அன்னை நகர் என்று என் பெயர். ஆயிரம் அடித்தேன். பாதிதான் போயிற்று. மீதியைப் பரண்மேல் கட்டிப் போட்டேன். நல்ல துணி. தூக்கிப் போட மனசு வருமா?

ஐப்பசி வந்தது. தலை தீபாவளி. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வருகிற முதல் தீபாவளி. உங்களுக்குத் தெரியாததா. மழையும் பிடித்துக்கொண்டது. ஏரி ததும்பி, அந்த உடைப்பு வழியாகத் தண்ணீர் தெருவுக்குள் வர ஆரம்பித்தது. கணுக்கால் அளவு. தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளையை ஓடத்தில் வைத்தா அழைத்து வருவது? யோசித்தேன். மணல் இருந்தது. பழைய சாக்கு இரண்டோ மூன்றோ இருந்தது. போதாது. பிளாஸ்டிக் கோணி ஏரிக்கு ஆகாது என்று பெண்தான் அடிக்கடி சொல்வாள். அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது.

நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனை. துணிப் பை. மட்கிவிடும்.

கோமளா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது. புள்ளைங்க பேர் போட்ட பையில மண்ணை அள்ளிப் போடறீங்க?"

"பை பைதானே?"

"பேர் மேல மண்ணு விழலாமா?"

"பேர் வெளிப்பக்கம் இருக்கு. மண்ணு உள்ளே இருக்கு. ரெண்டும் ஒட்டாது."

அவள் உள்ளே போய்விட்டாள். பதில் இல்லை என்றால் உள்ளே போய்விடுவாள். அது அவள் வழக்கம்.

மழை விட்ட நேரத்தில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். உடைப்பில் வரிசை வரிசையாக அடுக்கி, இடையில் களிமண் பூசி, மேலே மறுபடியும் அடுக்கி, சொட்டுத் தண்ணீர் கசியாமல் அடைத்தேன். பாய்லருக்கு வைக்கிற அடைப்பு. தெரு ஒரு மணி நேரத்தில் வடிந்தது. அடுத்த வீட்டு முனிரத்தினம் கலங்கலைப் பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு சார்" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அன்று சாயந்திரம் இந்து போன் செய்தாள்.

"அப்பா, இங்க தண்ணி ஏறுது. இவ்வளவு மழைக்கு ஏறாதே. அங்க யாராவது கலங்கல்ல கை வச்சாங்களா?"

"கலங்கலை யாரும் தொடலையே."

அது பொய் இல்லை. கலங்கல் இல்லாத இடத்தைத்தான் நான் தொட்டேன்.

"அப்பா, நிஜமா?"

"தீபாவளிக்கு என்ன பலகாரம் வேணும் சொல்லு."

அப்புறம் சொன்னாள். "அப்பா, நான் இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. இங்க ஒருத்தர்கூட உங்களைப் பத்தி என் எதிர்ல ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது அப்படியே இருக்கணும்ப்பா."

"இருக்கும். ஏன் இருக்காது?" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அப்போது புரியவில்லை. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் வந்தார்கள். மாப்பிள்ளை பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தார். தெரு காய்ந்து கிடக்கிறது, இவர் எதற்குச் சுருட்டியிருக்கிறார் என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நம்ம தெரு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா. கோலம்கூட அழியல."

"அப்பா அம்மா எப்படி இருக்காங்க?"

"கட்டில் மேல இருக்காங்க மாமா."

வயசானவர்கள், ஓய்வெடுக்கட்டும் என்றேன். மாப்பிள்ளை என்னையே பார்த்தார். நல்ல பையன். ஆனால் சில நேரம் ஆளை உற்றுப் பார்ப்பார்.

மத்தியானம் இந்து மாமியார் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள். நாற்காலி போட்டுப் பரணைப் பார்த்தாள்.

"அம்மா, தாம்பூலப் பை எங்கம்மா? ஒரு கட்டு இருந்துச்சே."

கோமளா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "உங்கப்பாவைக் கேளு."

"அப்பா?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"பொதுக் காரியத்துக்கு."

நாற்காலி மேலேயே நின்றாள். இறங்கவில்லை. அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் கலங்கல் தெரியும். மஞ்சளாக இருந்திருக்கும், வேறென்ன. பெயர் உள்ள பக்கத்தை உள்ளே வைத்து அடுக்கச் சொன்னேன். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? இறங்கி வந்து முறுக்கை எவர்சில்வர் டப்பாவில் போட்டாள். மெத்தென்று இருக்கிற பெண் அவள். கோபம் வந்தால் பாத்திரம்கூடச் சத்தம் போடாது. அப்படிச் சத்தமே இல்லாமல் இருந்தது வீடு.

மறுநாள் விடிய எண்ணெய் தேய்க்க வேண்டும். கோமளா எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டாள். மனை போட்டாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம், பெண்ணையும் காணோம்.

"கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றாள் கோமளா.

"குளிக்காமலா?"

"வருவாங்க. நீங்க காபி குடிங்க."

வெளுக்கிற நேரத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சேறு. இந்துவின் மருதாணிக் கை முழங்கைவரை களிமண். வழுக்கி விழுந்துவிட்டோம் என்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்தா என்றேன். ஆமாம் என்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடத் தெரியவில்லை. இதில் கிணற்றடியில் மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கும்போது மண் வருகிறது, ஒரு சின்ன நத்தை வருகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையாயிற்றே.

புதுத் துணி உடுத்தி, இலை போட்டு, முதல் இட்லியைக் கிள்ளுகிறேன். காலில் சில்லென்றது. குனிந்து பார்த்தால் கூடத்தில் தண்ணீர். வாசலுக்கு ஓடினேன். தெரு முழுக்கத் தண்ணீர். கோலம் மிதந்து போகிறது. முனிரத்தினம் தன் வீட்டுப் படியில் நின்றுகொண்டு, "சார், உங்க பாய்லர் ஒழுகுது" என்றான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அரிசி டிரம், கோமளாவின் தையல் மிஷின், என் பென்ஷன் கட்டு, எல்லாமே முதல் நாள் சாயந்திரமே சமையலறை மேடை மேல் ஏறியிருந்தன. ஏன் என்று கேட்டேன். தோணிச்சு என்றாள். பெண்களுக்கு அப்படி ஒரு உள்ளுணர்வு உண்டு.

கலங்கலுக்கு ஓடினேன். அடைப்பு இல்லை. ஒரு பைகூட இல்லை. இது குபேரன் நகர் வேலை என்று புரிந்துவிட்டது. சம்பந்தியாவது கிம்பந்தியாவது. இன்றைக்கு அந்த மெதுவான ஆளைக் கத்த வைக்காமல் விடுவதில்லை என்று, புது வேட்டியோடு கரைமேல் ஏறி நடந்தேன். வலப்பக்கம் ஏரி. ஆகாயத்தாமரை, நுரை, யாரோ போட்ட சோபா. பின்னால் இந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

குபேரன் நகரில் இறங்கினேன். இறங்கினேன் என்றால் தண்ணீரில் இறங்கினேன். முழங்காலுக்கு மேல். வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுவரிலும் ஈரக்கோடு அதற்கும் மேலே இடுப்பளவில் இருந்தது. அந்த வாசனையை நான் சொல்ல மாட்டேன். காபி நேரம்.

சம்பந்தி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். வெளியே வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். புது வேட்டி, அதில் ஏரி முழுக்க.

"வாங்க சம்பந்தி. கங்கா ஸ்நானம் ஆச்சா?"

பாருங்கள். இதைத்தான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"உள்ள வாங்க. பாத்து. அங்க ஒரு படி இருக்கு, தெரியாது."

கேட்க வேண்டியதெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கூடத்தில் கட்டிலுக்குக் கீழே நாலு பக்கமும் செங்கல். அதன்மேல் சம்பந்தியம்மா உட்கார்ந்து, அங்கேயே ஸ்டவ் வைத்துக்கொண்டு அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். கட்டில் மேல் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். எங்கே எழுந்திருப்பது?

ஓரத்தில் என் பெண்ணுக்கு நான் சீர் கொடுத்த பீரோ. பாதிவரை தண்ணீரில் நின்ற பீரோ. அடிப்பக்கம் துரு பிடித்து உப்பிப்போயிருந்தது. கதவு சரியாக மூடவில்லை. உள்ளே கல்யாணப் புடவை மேல்தட்டில் மடித்திருந்தது. கீழ்த்தட்டில் ஒன்றும் இல்லை. மெத்தையைச் சுருட்டி மாடிப்படியில் சாய்த்திருந்தார்கள். சொட்டிக்கொண்டிருந்தது.

மட்டமான தகரம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். நல்ல பீரோவாக இருந்தால் தாங்கியிருக்கும்.

அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் தலையை நிமிர்த்தினால், கூடத்தில் குறுக்கே கொடி கட்டியிருந்தது. ஒரு கொடி இல்லை, நாலைந்து. அத்தனையிலும் மஞ்சள் பை. கழுவி, பிழிந்து, வரிசையாகக் காயப் போட்டிருந்தது. இந்துமதி பிரசன்னகுமார். இந்துமதி பிரசன்னகுமார். கொடி முழுக்க. ஒவ்வொன்றிலும் கீழே நல்வரவை நாடும் தணிகாசலம்.

சம்பந்தி ஒரு பையை எடுத்து ஓரத்தை நீவினார். "மிதந்து வந்துச்சு சம்பந்தி."

கலங்கலிலிருந்து குபேரன் நகருக்கு. போகிற தண்ணீரை எதிர்த்து. மண் நிறைந்த பை. மிதந்து.

"இருக்கும்" என்றேன்.

"புள்ளைங்க பேர் போட்டது. சாக்கடையில கிடக்கலாமா? அதான் இவ கழுவிப் போட்டா."

சம்பந்தியம்மா கட்டிலிலிருந்து, "சாயம் போகல. நல்ல துணியா பாத்து எடுத்திருக்கீங்க அண்ணா" என்றார்.

அவ்வளவுதான். பேச வந்தது மறந்துபோயிற்று. காபி கொடுத்தார்கள், நின்றுகொண்டே குடித்தேன். பால் திரிந்திருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். கிளம்பும்போது அரைகுறையாகக் காய்ந்த ஒரு பையில் அதிரசம் போட்டுக் கொடுத்தார்கள். தெருவில் தண்ணீர் இருந்ததா, பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தேன். அதிரசம் நனையக் கூடாதல்லவா.

கரைமேல் இந்து நின்றுகொண்டிருந்தாள். என் தலையில் இருந்த பையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"உன் மாமியார் அதிரசம் குடுத்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"நல்ல துணின்னு சொன்னாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி போலிருக்கிறது. மழை நேரத்தில் ஏது தூசி என்று தோன்றியது, கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. ஏரியிலிருந்து வருகிறது, போக வழி இல்லை. எங்கே முட்டுகிறது என்று பார்த்தேன். அது என் தொழில் அல்லவா. என் வாசலில்தான் முட்டியது. மேடைக்குக் கீழே ஒரு மெத்தை அளவு குப்பை.

கடப்பாரையை எடுத்தேன்.

முனிரத்தினம், "என்ன சார், தீபாவளியும் அதுவுமா?" என்றான்.

"உடற்பயிற்சி."

மேடை எப்படியும் பழசு. சிமென்ட் கலவை சரியில்லை. இடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. மாப்பிள்ளை புதுச் சட்டையைக் கழற்றிக் கோமளாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஊரில் எல்லாரும் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். நான் மோதிரமும் போட்டேன், சம்மட்டியும் கொடுத்தேன். நன்றாக அடிப்பார். உற்றுப் பார்க்கிற பழக்கம் அதற்கு உதவும் போலிருக்கிறது, ஒரு அடி தப்பவில்லை.

மேடை போனதும் தண்ணீர் ஒரு இழுப்பு இழுத்தது. ஆனால் முனிரத்தினம் மேடையில் போய் நின்றது. நான் கடப்பாரையோடு அவனைப் பார்த்தேன். அவனுக்கு அன்றைக்கு வேடிக்கை ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அவனுக்கு அடுத்த வீடு. பட்டாசுச் சத்தமே இல்லாத தீபாவளி. கடப்பாரைச் சத்தம்தான்.

மேடைக்குக் கீழே என்ன இருந்தது என்று கேளுங்கள். குழாய். வரிசையாக எல்லார் வீட்டுக் குழாயும் கால்வாயைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து. என் வீட்டிலிருந்தும் ஒன்று. பழைய குழாய். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வீடு கட்டினவன் வைத்திருப்பான். வீடு நான்தான் கட்டினேன், இருந்தாலும் கொத்தனார் என்று ஒருவன் இருந்தானே?

இந்து உள்ளே போய்ப் பாட்டில் எடுத்து வந்தாள். தீபாவளிப் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, சரியாக என் குழாய்க்குக் கீழே பிடித்தாள். மூடினாள். சீட்டு ஒட்டினாள்.

"என்னன்னு எழுதினே?"

"அப்பா வீடுன்னு எழுதினேன்."

அதற்கென்ன செய்ய முடியும்? அடுத்த மாதமே பாதாளச் சாக்கடை இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். தெருவெல்லாம் கொடுத்தது, நானும் கொடுத்தேன். நான் முதலில் கொடுத்தேன் என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் பேச்சை நம்பாதீர்கள். அந்தப் பக்கம் சம்பந்தியும் பிரஷ் கழுவுகிற தண்ணீரைத் தொட்டி கட்டித் தேக்கிவிட்டார். மகன் அவர் கடை வாசலிலேயே பாட்டிலோடு நின்றானாம். இப்போது ஏரியில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. நுரையும் குறைந்திருக்கிறது. போன தை மாதம் முக்குளிப்பான் பறவை ஒன்று குஞ்சோடு வந்தது. தானாக வந்தது என்கிறேன் நான். இந்து சிரிக்கிறாள்.

கலங்கல் உடைப்பைச் சீராக்கிப் பலகை வைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் பலகையை ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்று நானும் சம்பந்தியும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். சேர்ந்து என்றால், குடையைப் பிடித்துக்கொண்டு கலங்கலில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். அவர் கொஞ்சம் கத்தக் கற்றுக்கொண்டார். அதற்குள் இந்து வந்து பலகையை எடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

இதுதான் விஷயம். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெருமழை வந்தால் கீழே என் கூடத்தில் தண்ணீர் வரும். கணுக்கால் அளவு. ஒரு பொழுது நின்று போய்விடும். அந்தப் பக்கம் இடுப்பளவு ஏறாமல் இருப்பதற்கு இந்தப் பக்கம் கணுக்கால் அளவு. கணக்கு சரிதானே? மாடிக்கு ஒன்றும் வராது. ஆனால் ஒரு நிபந்தனை. ஐப்பசி கார்த்திகையில் மாடியில் ஒரு அறை எனக்கு வேண்டும். டிரம், தையல் மிஷின், அப்புறம் அந்தப் பீரோ. ஆமாம், அதே பீரோதான். நான் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, பெண்ணுக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன். மட்டமான தகரம், வேறு யாருக்குக் கொடுப்பது? அதை மேலே ஏற்ற நீங்கள் ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். கார் வைத்திருக்கிறீர்களா? இங்கே நிறுத்த இடமில்லை. தெருமுனையில் நிறுத்துங்கள்.

சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுங்கள். யோசிக்க வேண்டும் என்றால் வீட்டில் போய் யோசியுங்கள். என் நேரத்தில் வேண்டாம்.

இருங்கள். கோமளா கொய்யாப்பழம் கொடுக்கச் சொன்னாள். நம் வீட்டு மரம். இந்தாருங்கள். பழம் உங்களுக்கு, பை எனக்குத் திரும்பி வர வேண்டும். ஆமாம், என் பெண் பெயர்தான். மாப்பிள்ளை பெயர். கீழே இருப்பது நான்.

செருப்பு மாட்டிக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன், கொடுங்கள். பையைக் கீழே வைக்காதீர்கள். தரை ஈரம்.